பழைய புகைக்கூண்டில் சிம்னி பைப் விட்டிருக்கிறீர்களா? கோளாறு வாரியாகப் பார்க்க வேண்டியவை

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், மண்ணடிப் பக்கம் இன்னும் நிற்கிற மெட்ராஸ் டெரஸ் வீடுகள் (தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்டவை) பலவற்றில் அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு புகைக்கூண்டு இருக்கும். விறகடுப்புக் காலத்தில் கட்டியது. கேஸ் வந்த பிறகு அதன் வாயில் ஒரு தகரத்தை அடித்து மறந்துவிட்டிருப்பார்கள். இப்போது மின்சாரச் சிம்னி வாங்கும்போது, பொருத்த வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "சுவரை உடைக்க வேண்டாம் சார், இதுக்குள்ளேயே விட்டுடலாம்" என்கிறார்.

விடலாம்தான். ஆனால் வெறும் செங்கல் கூண்டுக்குள் காற்றை ஊதிவிடுவது வேறு. அந்தக் கூண்டை ஒரு வழியாக மட்டும் வைத்துக்கொண்டு, அடியிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் தனி உலோகப் பைப்பை இறக்குவது வேறு. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை முதல் வகையில் வருபவை. குழப்பம் வராமல் இருக்க, புது மெஷினைச் 'சிம்னி' என்றும் பழைய செங்கல் கட்டைக் 'கூண்டு' என்றும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள், அவை உயிர் சம்பந்தப்பட்டவை.

சிம்னி ஓடும்போது தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு

வீட்டில் ஒருவருக்கு மேல் இப்படி இருந்து, வெளியே வந்ததும் சரியாகிறது என்றால் அதைச் சாதாரணத் தலைவலி என்று விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். யாராவது தள்ளாடினாலோ மயங்கினாலோ உடனே 108. கதவு ஜன்னல் திறப்பது, கேஸை மூடுவது எல்லாம் போகிற வழியில் கை எட்டினால் மட்டும்.

இது வருகிற விதம் இப்படி. சிம்னி மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த அளவு காற்று வேறு எங்கிருந்தாவது உள்ளே வந்தே ஆக வேண்டும். கொசுவுக்காகவும் ஏசிக்காகவும் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தால், எந்த ஓட்டை சுலபமோ அந்த வழியாக இழுக்கும். அடுப்படிக்குப் பக்கத்துக் குளியலறையில் கேஸ் கீசர் இருந்து, அதன் புகைக்குழாய் வெளியே போகிறதென்றால், அந்தக் குழாயே உள்ளே இழுக்கும் வழியாகிவிடும். கீசரின் எரிந்த வாயு வெளியேறாமல் வீட்டுக்குள் திரும்பும்.

கீசர் குழாயையும் சிம்னி பைப்பையும் ஒரே கூண்டில் விட்டிருந்தால் இன்னும் மோசம். சிம்னி தள்ளுகிற காற்று கீசர் குழாய் வழியாகக் குளியலறைக்கே போகும். சிலர் "கூண்டு பெருசா இருக்கே, ரெண்டும் போகட்டும்" என்கிறார்கள். அளவு இங்கே பேச்சே இல்லை. நெருப்பு எரிகிற எந்தக் கருவியின் புகைவழியிலும் வேறு எதையும் சேர்க்கக் கூடாது. வெந்நீர் போடும் கரி பாய்லர், பின்கட்டு விறகடுப்பு எல்லாவற்றுக்கும் இதுதான். பொங்கலுக்கு ஒருநாள் மட்டும் விறகு எரிப்போம் என்றாலும், அந்தப் புகையைச் சிம்னி பைப் இருக்கும் கூண்டில் விடாதீர்கள்.

புகைக்குழாயே இல்லாத கேஸ் கீசர் குளியலறைக்குள் மாட்டியிருந்தால் சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை. அதைக் கழற்றிக் காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றுங்கள், அல்லது மின்சார கீசர் வாங்குங்கள். குழாய் உள்ள கீசர் என்றால் இப்படிப் பாருங்கள்: வழக்கம்போல ஜன்னலைச் சாத்தி, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கீசரைப் போட்டு, அதன் மேல்பக்கம் குழாய் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை குழாயை நோக்கிப் போக வேண்டும். உங்கள் முகத்துக்கு வந்தால் உடனே இரண்டையும் அணைத்துவிடுங்கள். குளியலறைக் கதவு திறந்தே இருக்கட்டும், வெளியே ஒருவர் நிற்கட்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புகை சரியாகப் போனாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுவது நல்லது. இன்றைய காற்றுக்குச் சரியாக இருப்பது நாளைய காற்றுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

கேஸ் வாடை வருகிறது, "சிம்னியைப் போடு, இழுத்துடும்" என்கிறார்கள்

போடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மேலே இருக்கிற சிம்னி அதை எடுத்துவிடும் என்று நம்ப முடியாது. சுவிட்சைத் தட்டும்போது வருகிற பொறியே போதும் பற்றிக்கொள்ள. எந்த சுவிட்சையும் போடாமல், போட்டதை அணைக்காமல், ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். அங்கிருந்து 1906-க்குக் கூப்பிடுங்கள், அது கேஸ் கசிவுக்கான எண்.

சிம்னி ஓடுகிறது, புகை நகரவில்லை

அதிகம் கேட்கிற புகார் இதுதான். நெத்திலி வறுத்தால் முன் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் எரிகிறது, மெஷின் மட்டும் சத்தமாக ஓடுகிறது. உடனே மோட்டாரைக் குறை சொல்லிவிடுவார்கள். மோட்டாருக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்.

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பிசுக்கு அடைத்திருந்தால் வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். தினமும் மீன் வறுக்கிற வீட்டில் மாதம் ஒருமுறை என்பது போதாது.

அடுத்து, சிம்னி ஓடும்போதே அடுப்படி ஜன்னலை அகலத் திறங்கள். உடனே இழுவை கூடினால் மெஷினில் பழுதில்லை, உள்ளே வரக் காற்றில்லை. ஜன்னலில் அடித்த கொசுவலையையும் தொட்டுப் பாருங்கள். அடுப்படிக் கொசுவலை எண்ணெயும் தூசியும் சேர்ந்து துணி மாதிரி ஆகியிருக்கும். ஜன்னல் திறந்திருந்தும் காற்று வராது. சமைக்கும்போது ஒரு ஜன்னலோ கதவோ கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். முடிந்தால் அடுப்புக்கு நேர் எதிரே இருப்பதைத் திறங்கள். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் என்றால் காற்று புகையைக் கலைத்துவிடும்.

இரண்டிலும் சரியாகவில்லை என்றால் சிம்னி தலையிலிருந்து பைப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இப்போது ஃபில்டரில் வைத்த நியூஸ்பேப்பர் தாள் விழாமல் ஒட்டிக்கொண்டால் மெஷின் நன்றாகவே இருக்கிறது. கோளாறு பைப்பிலும் கூண்டிலும்தான்.

கழற்றியபோதே சிம்னியின் வாய்க்குள் பாருங்கள். அரைவட்டமாக இரண்டு பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கும். காற்று போகும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்பவை. வளைகிற அலுமினியப் பைப்பை அளவுக்கு மீறி உள்ளே திணித்திருந்தால் அதன் விளிம்பு இந்த இதழ்களில் இடித்து, பாதிக்கு மேல் திறக்கவிடாது. பைப்பில் அடித்த திருகின் முனை தடுப்பதும் உண்டு. விரலால் இரண்டையும் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் முழுக்கத் திறந்து தானாக விழ வேண்டும். பிசுக்கு ஒட்டியிருந்தால் துடைத்தால் போதும். இந்த ஒரு இடத்தைப் பார்க்காமலே மெஷினை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு பைப்பின் அளவு. பெரும்பாலான சிம்னிகளின் வாய் 6 அங்குலம். கடையில் கைக்குக் கிடைப்பது 4 அங்குல பிவிசி, அதனால் ஒரு ரெடியூசரை (வாயைச் சுருக்குகிற துண்டை) போட்டுச் சொருகிவிடுகிறார்கள். 6 அங்குல வட்டத்தின் பரப்பில் 4 அங்குல வட்டம் பாதிகூட வராது. காற்று போக வழியில்லாமல் மோட்டார் இரைகிறது. அதோடு, பிவிசி சூட்டில் இளகும், தீப்பிடித்தால் எரியும். அடுப்புக்கு மேலே அதற்கு இடமே இல்லை. சிம்னியின் வாய் என்ன அளவோ அதே அளவுக்கு உள்பக்கம் வழவழப்பான உலோகப் பைப் வேண்டும். வளைகிற பைப் தேவை என்றால் சிம்னியிலிருந்து கூண்டு வரைக்கும் ஒரு சின்னத் துண்டு, அதுவும் நன்றாக இழுத்து விரித்தது. சுருக்கங்களோடு விட்டால் ஒவ்வொரு மடிப்பும் காற்றைப் பிடித்து நிறுத்தும். பைப்பைத் திருப்புகிற 90 டிகிரி எல்போ ஒன்று, அதிகம் போனால் இரண்டுதான் இருக்கலாம்.

பைப்பே போடாமல் கூண்டுக்குள் விட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கூண்டின் உள்வாய் 9 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குலப் பைப்பிலிருந்து வருகிற காற்று அங்கே வந்ததும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைந்துவிடும். வேகம் குறைந்ததும் சுமந்து வந்த எண்ணெய்த் துளிகளைக் கீழே போட்டுவிடும். சுண்ணாம்புக் காரை அதைக் குடித்துக்கொள்ளும். எட்டிக் கழுவவும் முடியாது. விறகடுப்புப் புகை தானே சூட்டில் மேலே ஏறியது; சிம்னிக் காற்று அவ்வளவு சூடில்லை. நம் ஊரில் வெளிக்காற்றும் சூடு என்பதால் அது தானாக ஏறுகிற விசை ரொம்பக் குறைவு. விறகுக்குச் சரியாக இருந்த கூண்டு இதற்குப் பொருந்தாமல் போவது அதனால்தான்.

காலையில் சரியாக இருக்கிறது, மதியம் புகை திரும்பி அடிக்கிறது

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் இது நிறைய. காலையில் தரைக்காற்று, மதியவாக்கில் கடல்காற்று. அது கிழக்கிலிருந்து வந்து கூண்டின் வாயில் மோதும்போது, வாயின் உயரம் போதாவிட்டால் காற்றைக் கீழே தள்ளும். பக்கத்து வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிய பிறகு திடீரென்று இது ஆரம்பித்திருந்தால் காரணம் அந்தக் கட்டடம்தான். அதன் சுவரில் மோதுகிற காற்று இறங்கி உங்கள் கூண்டின் தலையில் விழுகிறது.

மாடிக்குப் போய் அளந்து பாருங்கள். அமெரிக்க விதிகளில் ஒரு கணக்கு உண்டு, இங்கேயும் அது பயன்படும்: பைப்பின் வாய் தளத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், சுற்றி 10 அடிக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி உயரம். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு ரூம் எல்லாமே அந்த 'எதையும்' கணக்கில் வரும். மூன்று மாடிக்கு மேலே பைப்பை உயர்த்த முடியாது என்றால், அந்தச் சுவரிலிருந்து தூரமாக வாயைத் தள்ளி வைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். உயரத்தைக் கூட்டினால் பைப்பைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டுங்கள், புயல் மாதங்களில் அது நிற்க வேண்டும்.

உச்சியில் சுழல்கிற டர்போ வென்டிலேட்டரை மாட்டச் சொல்வார்கள். குடோனுக்கு அது நல்லது. அடுப்படிக் காற்றில் எண்ணெய் பேரிங்கில் படிந்து சுற்றாமல் நின்றுவிடும், பிறகு அதுவே அடைப்பு. சுற்றாத, நாலு பக்கமும் திறந்த தொப்பியே போதும். பைப் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவே 3, 4 அங்குலம் இடைவெளி விடுங்கள். மழைக்குப் பயந்து தொப்பியை அழுத்திவிட்டால் காற்று போகாது.

மாடியில் வேலை செய்யும்போது ஒன்று: பழைய கூண்டின் மேல் சாயாதீர்கள், ஏணியைச் சாத்தாதீர்கள். உப்புக்காற்றில் காரை பொடியாகி, செங்கல் வெறுமனே அடுக்கி வைத்ததுபோல நிற்பதைப் பார்க்கிறேன். விரலால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தால் முதலில் கொத்தனார், அப்புறம்தான் பைப். கொத்தனாரும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவராக இருக்கட்டும். பழைய சுண்ணாம்புக் கட்டின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பழைய செங்கலையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

மேல்வீட்டில் மீன் வாடை

ஒரே கட்டடத்தில் மூன்று நாலு குடித்தனம் இருக்கிற வீடுகளில் கீழ் அடுப்படிக்கும் மேல் அடுப்படிக்கும் ஒரே கூண்டு. கீழே சிம்னி போட்டதும் மேல்வீட்டு அக்கா வந்து, "உங்க வீட்ல என்ன குழம்புன்னு எங்க பெட்ரூம்ல தெரியுது" என்று நிற்பார். சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் சொல்வது ஒரு பாதுகாப்புச் செய்தி. வாடை போகிற வழியில் புகையும் போகும், நெருப்பும் போகும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க சாம்பிராணி போதும். கூண்டில் எண்ணெய் பிசுக்கு இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள்; பிசுக்கு இருந்தால் தணலைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. சிம்னி அணைந்திருக்கட்டும், கேஸ் மூடியிருக்கட்டும். தூபக்காலைக் கூண்டின் அடிவாயில் வைத்து, புகை மாடியில் வெளிவரத் தொடங்கியதும் மேலே ஒருவர் ஈரச்சாக்கால் வாயை மூடட்டும். கீழ், மேல் வீடுகளில் இன்னும் ஒருவர் சுவரோரமாக நடந்து பார்க்கட்டும். பரணுக்குள், பழைய அலமாரிக்குப் பின்னால், எப்போதோ அடைத்த மேல் அடுப்படியின் வாயில், உத்திரம் சுவரில் சொருகியிருக்கிற இடத்தில் என்று எதிர்பாராத இடங்களில் வெள்ளையாகக் கசியும். சாக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். சில நிமிடத்தில் முடித்து, சாக்கை எடுத்து, தூபக்காலை வெளியே வைத்து, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கரித்தணலிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு.

கசிவுகளைச் சுண்ணாம்பால் அடைப்பது பாதி வேலைதான். கீழ்வீட்டுப் பைப் அடிமுதல் உச்சிவரை எங்கும் திறக்காமல் தனியாகப் போக வேண்டும். மேல்வீட்டுக்கும் சிம்னி வேண்டும் என்றால் அதற்கு வேறொரு பைப். இரண்டையும் ஒரு 'டி' (மூன்று வாயுள்ள இணைப்பு) போட்டுச் சேர்த்தால், யார் மெஷின் ஓடுகிறதோ அவர் புகை ஓடாத வீட்டுக்குள் போகும்.

கூண்டுக்குள் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பைப் இருந்தால் கை வைக்காதீர்கள். உடைப்பதும் உலர்ந்தபடி அறுப்பதும் கூடவே கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அது தெரிந்த ஆளை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சிம்னியிலிருந்து பழுப்பாகச் சொட்டுகிறது

ஒட்டினால் எண்ணெய், ஒட்டாமல் ஓடினால் தண்ணீர், பெரும்பாலும் இரண்டும் கலந்தது. மழை நாளில் மட்டும் சொட்டினால் தொப்பியையோ, பைப்பைச் சுற்றிக் கூண்டின் தலையை மூடிய இடத்தையோ பாருங்கள். மழையில்லாமலும் சொட்டினால் அது சமையல் ஆவி. பைப்பில் குளிர்ந்து தண்ணீராகி இறங்குகிறது.

பைப்களைச் சொருகிய திசை முக்கியம். மேல் பைப்பின் வாய் கீழ்ப் பைப்புக்கு உள்ளே போயிருக்க வேண்டும். அப்படி இருந்தால் இறங்குகிற சொட்டு பைப்புக்குள்ளேயே வரும். திருப்பிச் சொருகியிருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே வழிந்து சுவரில் பழுப்புக் கறை போடும். அடியில், பைப் சிம்னிப் பக்கம் திரும்புகிற இடத்தில் எல்போவுக்குப் பதில் ஒரு 'டி' போட்டு, கீழ் வாய்க்கு மூடி போடுங்கள். சொட்டு அங்கே சேரும், திறந்து துடைக்கலாம், கூண்டைப் பார்க்கவும் அதுதான் ஜன்னல். இணைப்புகளுக்கு அலுமினிய ஃபாயில் டேப்தான். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் சூட்டில் உரிந்துவிடும். கடலோரத் தெருக்களில் ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

மெஷின் அணைந்திருக்கும்போது வெளி நாற்றம் உள்ளே வருகிறது

போகி விடியற்காலையில் டயர் புகை, கொடுங்கையூர்ப் பக்கம் குப்பைமேட்டுப் புகை, காற்று திரும்பினால் மணலித் தொழிற்சாலை வாடை. நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் குழாயிலிருந்து அமோனியா கசிந்த இரவில் ஜனங்கள் மூச்சுத்திணறி எழுந்து ஓடினார்கள். அடைக்காத பழைய கூண்டு என்பது வீட்டுக்குள் எப்போதும் திறந்திருக்கிற ஒரு வாய். சிம்னியின் இதழ்கள் மூடுகின்றனவா பாருங்கள். பைப்புக்கும் கூண்டுச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடியில் ஒரு தகரத்தட்டு வைத்துச் சுண்ணாம்பால் மூடுங்கள். பிளாஸ்டிக் பையோ பழைய துணியோ திணிக்க வேண்டாம், எண்ணெய் பட்ட துணி கூண்டுக்குள் இருப்பதே ஆபத்து.

உள்ளே கரகரவென்று சத்தமும் சருகும் விழுந்தால் புறா அல்லது அணில் கூடு. குஞ்சு இருந்தால் பறக்கும்வரை சிம்னியைப் போடாதீர்கள். பிறகு எடுத்துவிட்டு, தொப்பியைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள வலை கட்டுங்கள். கொசுவலை மாதிரி நெருக்கமானது ஒரே மாதத்தில் எண்ணெயில் அடைத்துக்கொள்ளும்.

தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. பல பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்கு வயரே இருக்காது. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை சிம்னி வேண்டாம்.

சுவர் சுடுகிறது, கருகிய வாடை, கூண்டுக்குள் உறுமல் சத்தம்

கூண்டுக்குள் படிந்த எண்ணெயில் தீப்பிடித்திருக்கிறது. சிம்னியை அணையுங்கள், அது ஓடினால் நெருப்புக்குக் காற்று ஊதுகிறது என்று அர்த்தம். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, மேல்வீட்டு ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்கி 101-க்குச் சொல்லுங்கள். வாணலியில் தீ என்றால் தண்ணீர் ஊற்றாமல் தட்டால் மூடலாம். கூண்டுக்குள் பிடித்த தீயை நீங்கள் அணைக்கப் பார்க்காதீர்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தைத் தாங்குவது தேக்கு உத்திரங்கள். கூண்டை ஒட்டிப் போகிற உத்திரம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும், நெருப்பு அணைந்துவிட்டது என்று நீங்கள் படுத்த பிறகு பற்றும். அதனால் தானாக அணைந்ததுபோலத் தெரிந்தாலும் தீயணைப்பு ஆட்கள் வந்து உத்திரத்தைத் தொட்டுப் பார்க்கும்வரை வீட்டுக்குள் போக வேண்டாம்.

அதற்குப் பிறகு அந்தக் கூண்டில் எதையும் விடாதீர்கள். சூட்டில் காரை வெடித்திருக்கும். சிம்னி பைப்பை வெளிச்சுவர் வழியாக நேராக வெளியே கொண்டுபோய், அங்கிருந்து மாடிக்கு ஏற்றுங்கள். சுவரில் 6 அங்குல ஓட்டை போட ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை.